மோட்டாரை மாற்றும் முன் குழாயை வெட்டிப் பாருங்கள்

(குடிநீர்க் குழாய்ப் பணியில் 31 ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்ற பொறியாளர் ஒருவர் வாசகர் கேள்விகளுக்குப் பதில் எழுதும் பகுதி)

கேள்வி: அம்மா, வணக்கம். பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் தென்னந்தோப்பு வைத்திருக்கிறேன். கிணற்றிலிருந்து தோப்புத் தொட்டி வரை 300 மீட்டருக்கு மூன்று அங்குல ஜி.ஐ. குழாய் போகிறது. அப்பா காலத்தில் போட்டது, முப்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. நீர்மட்டத்திலிருந்து தொட்டி வாய் வரை 22 மீட்டர் உயரம். 5 ஹெச்.பி. மோட்டார். முன்பு 200 லிட்டர் டிரம் 40 விநாடியில் நிறையும், இப்போது 65 விநாடி ஆகிறது. கிணற்றில் தண்ணீர் இறங்கவில்லை. மோட்டாரைக் கழற்றிப் பார்த்து, இம்பெல்லரும் புதிதாக மாற்றியாயிற்று. கடைக்காரர் 7.5 ஹெச்.பி. போடச் சொல்கிறார். போடலாமா?
– ஒரு தென்னை விவசாயி

பதில்: போடாதீர்கள். அந்தப் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, முதலில் குழாயில் ஓரிடத்தில் ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி எடுத்து உள்ளே விரலை விட்டுப் பாருங்கள். உங்கள் கடிதத்தைப் படித்ததுமே எனக்கு அப்படி வெட்டி எடுத்த ஒரு துண்டுதான் நினைவுக்கு வந்தது. அது இன்றும் என் மேசையில் இருக்கிறது.

வேலைக்குச் சேர்ந்த நாலாவது வருடம் நான் ஒரு குடிநீர் லைனுக்குக் கணக்குப் போட்டேன். வார்ப்பிரும்புக் குழாய். எங்கள் கணக்கில் குழாயின் வழுவழுப்புக்கு ஓர் எண் உண்டு. புது வார்ப்பிரும்புக்கு 130, இருபது வருடம் ஓடியதற்கு 100 அல்லது அதற்கும் கீழே. நான் 130 போட்டேன். குழாய் புதிதுதானே என்று நினைத்தேன். முப்பது வருடம் ஓட வேண்டிய லைன் அது என்பதை யோசிக்கவில்லை. பதினைந்து வருடம் கழித்து அதே பகுதிக்கு மாற்றலாகிப் போனபோது, லைனின் கடைசியில் இருந்த ஊரில் பெண்கள் குடங்களோடு விடியற்காலை மூன்று மணிக்கு உட்கார்ந்திருந்தார்கள். தோண்டி, வெட்டி எடுத்தோம். உள்ளே கறையான் புற்றுபோலத் துருக்கட்டிகள், ஒவ்வொன்றும் சுண்டைக்காய் அளவு. குழாய் எங்கும் உடையவில்லை, ஒழுகவில்லை. தண்ணீர் மட்டும் போகவில்லை. அன்று வெட்டிய துண்டைத்தான் வைத்திருக்கிறேன். புதிதாகச் சேரும் பொறியாளர் யார் வீட்டுக்கு வந்தாலும் அதற்குள் விரலை விடச் சொல்வேன்.

சரி, உங்கள் குழாய்க்கு வருவோம். 40 விநாடிக்கு 200 லிட்டர் என்றால் விநாடிக்கு 5 லிட்டர். மூன்று அங்குலக் குழாயில், அதாவது 80 மில்லிமீட்டர் உள்விட்டத்தில், அது விநாடிக்கு 1 மீட்டர் வேகம். இந்த வேகத்தில் தண்ணீர் நேர்கோட்டில் போவதில்லை. சுழன்று, ஒன்றோடொன்று கலந்து, கொந்தளித்துக்கொண்டே போகும். மான்செஸ்டரில் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் 1883-ல் கண்ணாடிக் குழாய்த் தண்ணீருக்குள் சாயம் விட்டு இதைக் கண்ணுக்குக் காட்டினார். வேகம் குறைவாக இருந்தபோது சாயம் நூல் போல ஓடியது. ஓர் அளவைத் தாண்டியதும் நூல் அறுந்து குழாய் முழுக்கப் பரவிவிட்டது. வேகத்தையும் விட்டத்தையும் பெருக்கி, திரவத்தின் பிசுக்குத்தன்மையால் வகுத்தால் வருவதுதான் அவர் பெயரில் உள்ள எண். குழாயில் அது சுமார் 2,000-ஐத் தாண்டினால் சீரான ஓட்டம் நிலைக்காமல் போகத் தொடங்கும். உங்கள் குழாயில் அது ஏறக்குறைய 1 லட்சம்.

சீரோட்டத்தில் குழாய்ச் சுவரின் சொரசொரப்பு பெரிய விஷயமே இல்லை. மேட்டையும் பள்ளத்தையும் தண்ணீர் வழுக்கிக்கொண்டு கடந்துவிடும். கொந்தளிப்பு ஓட்டத்தில்தான் சுவர் முக்கியமாகிறது, அதற்கும் ஒரு நுணுக்கம் உண்டு. எவ்வளவு கொந்தளித்தாலும் சுவரை ஒட்டிய மெல்லிய படலத்தில் தண்ணீர் அடங்கித்தான் ஓடும். சுவரைத் தொடும் துளிக்கு வேகமே இல்லை, அதை அடுத்ததற்குக் கொஞ்சம், அதற்கடுத்ததற்கு இன்னும் கொஞ்சம். உங்கள் குழாயில், உங்கள் வேகத்தில், அந்த அடங்கிய படலத்தின் கனம் சுமார் 0.085 மில்லிமீட்டர். ஒரு தலைமுடியின் கனம்தான்.

இந்தத் தலைமுடிக் கனத்துக்குள் சுவரின் மேடுகள் முங்கிக் கிடந்தால், அந்தக் குழாயைத் தண்ணீர் வழுவழுப்பாகவே எடுத்துக்கொள்ளும். பி.வி.சி.யின் மேடுகள் 0.0015 மில்லிமீட்டர் அளவுதான், முழுக்க முங்கிவிடும். புது ஜி.ஐ. குழாயில் சுமார் 0.15 மில்லிமீட்டர், படலத்துக்கு மேலே லேசாகத் தலைகாட்டும். முப்பது வருடத் துருவும் உப்பும் சேர்ந்து 3 மில்லிமீட்டர் கட்டியாக நின்றால்? படலத்தைப் போல 35 மடங்கு உயரம். கொந்தளிக்கும் தண்ணீர் ஒவ்வொரு கட்டியிலும் முட்டுகிறது, கட்டிக்குப் பின்னால் ஒரு சுழி உண்டாகிறது, சுழி சின்னச் சுழிகளாக உடைந்து கடைசியில் சூடாகக் கரைகிறது. மோட்டார் கொடுத்த சக்தி அந்தச் சூட்டில் போய்விடுகிறது.

குழாயின் வயதும் சுவரும் கணக்கில் வர வேண்டும் என்று முதலில் அளந்து காட்டியவர் பிரான்சின் ஆன்றி டார்சி. தன் சொந்த ஊரான டிஜோனுக்கு 1840-ல் 12 கிலோமீட்டருக்கு மேல் தூரத்தில் இருந்த ஊற்றிலிருந்து குடிநீர் கொண்டுவந்தவர். 1857-ல் அவர் வெளியிட்ட சோதனைகளில் பல பொருட்களால் ஆன குழாய்கள் இருந்தன. படிவம் கட்டிய பழைய வார்ப்பிரும்புக் குழாயை அளந்தார், அதையே சுத்தம் செய்து மறுபடி அளந்தார். படிந்த குழாய்க்கு உராய்வை இரண்டு மடங்காக வைத்துக்கொள்ளச் சொன்னார். இந்த ஒரு வரியை நான் நாலாவது வருடம் ஒழுங்காகப் படித்திருக்க வேண்டும்.

அவருக்குப் பின் ஜெர்மனியின் கோட்டிங்கனில் யோகான் நிக்குராட்சே மணலைச் சல்லடையில் சலித்து, ஒரே அளவு மணலாகப் பிரித்து, குழாய்களின் உள்ளே அரக்குப் பூச்சால் ஒட்டினார். குழாய் விட்டத்தில் 30-ல் ஒரு பங்கு மணலிலிருந்து 1,014-ல் ஒரு பங்கு மணல் வரை ஒவ்வொன்றாக அளந்து 1933-ல் வெளியிட்டார். வேகம் கூடும்போது முதலில் எல்லாக் குழாயும் வழுவழுப்பான குழாய் மாதிரியே நடந்துகொண்டன. படலம் மெலிந்து மணல் வெளியே தலைகாட்டியதும் ஒவ்வொன்றாகத் தனி வழியில் பிரிந்தன. அப்புறம் இங்கிலாந்தின் கோல்புரூக் 1939-ல் கடையில் விற்கும் நிஜக் குழாய்களுக்கு ஒரு சூத்திரம் கொடுத்தார். நிஜக் குழாயில் மேடுகள் ஒரே உயரத்தில் இருக்காது, உயரமானவை முதலில் வெளியே வரும், குட்டையானவை பின்னால் வரும். அதனால் மாற்றம் படிப்படியாக நடக்கும். 1944-ல் அமெரிக்காவின் லூயிஸ் மூடி இதையெல்லாம் ஒரே வரைபடத்தில் போட்டார். என் காலத்தில் அது எல்லோர் மேசைக் கண்ணாடிக்கும் கீழே இருக்கும்.

அந்தக் கணக்கில் உங்கள் குழாயைப் போட்டுப் பார்த்தேன். விநாடிக்கு 5 லிட்டர், 300 மீட்டர் நீளம். குழாய் புதிதாக இருந்தபோது உராய்வுக்குப் போனது 4.7 மீட்டர் ஹெட், அதாவது தண்ணீரை அவ்வளவு உயரம் தூக்கும் சக்தி. 3 மில்லிமீட்டர் கட்டிகள் வந்தால் சொரசொரப்பு மட்டுமே அதை 12 மீட்டர் ஆக்குகிறது. கட்டிகள் இடத்தையும் அடைத்துக்கொள்ளும் அல்லவா? துவாரம் 80-லிருந்து 70 மில்லிமீட்டராகச் சுருங்கினால் 25 மீட்டருக்குப் போய்விடுகிறது. விட்டம் குறையக் குறைய உராய்வு இழப்பு அதன் ஐந்தாம் மடியில் ஏறுவதால்தான் ஒரு சென்டிமீட்டர் சுருக்கம் இத்தனை பெரிய வித்தியாசம் செய்கிறது.

கடைக்காரர் தவறாகச் சொல்லவில்லை. தண்ணீரைத் தூக்க 22, உராய்வுக்கு 25, மொத்தம் 47 மீட்டர். பம்பும் மோட்டாரும் சேர்ந்து 45 சதவீதத் திறன் என்று வைத்தால் சுமார் 6.9 ஹெச்.பி. வருகிறது. 7.5 போட்டால் பழைய 40 விநாடி திரும்பக் கிடைக்கும். ஆனால் அந்த மோட்டாரின் உழைப்பில் பாதிக்கு மேல் உங்கள் குழாயைத் தேய்க்கத்தான் போகும். விவசாய மின்சாரம் இலவசம்தானே என்று தோன்றலாம். உங்களுக்கு இலவசம், டிரான்ஸ்பார்மருக்கு இலவசமில்லை. இருபது தோப்பில் இருபது பேர் இப்படி ஏற்றினால் எல்லோருக்கும் வோல்டேஜ் இறங்கி, எல்லோர் மோட்டார்க் கம்பிச்சுருளும் எரியும். துருவும் நிற்காது. இன்னும் ஐந்து வருடத்தில் கடைக்காரர் 10 ஹெச்.பி. சொல்வார்.

வெட்டிப் பார்க்கத் தயக்கமாக இருந்தால் வேறு வழி உண்டு. டெலிவரி பக்கம், நான்-ரிட்டர்ன் வால்வுக்கு அடுத்து ஒரு பிரஷர் கேஜ் மாட்டுங்கள். லைன் நிறைந்த நிலையில் மோட்டாரை நிறுத்தியதும் என்ன காட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள், ஓடும்போது காட்டுவதையும் குறியுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உராய்வு. இப்போது உங்களுக்கு வரும் தண்ணீர் விநாடிக்கு 3 லிட்டர் சொச்சம். அந்த அளவுக்குப் புதுக் குழாய் என்றால் வித்தியாசம் 0.2 கிலோ அளவில் இருக்க வேண்டும். 0.9 கிலோ காட்டினால் என் மேசையில் இருக்கிற துண்டுதான் உங்கள் மண்ணுக்குள்ளும் இருக்கிறது.

அப்படியானால் நாலு அங்குல பி.வி.சி. போடுங்கள். அதே 5 லிட்டருக்கு உராய்வு சுமார் 1.2 மீட்டர்தான். மூன்று அங்குலமே போட்டாலும் 3.4 மீட்டரில் முடியும். வெயில் படாமல் இரண்டடி ஆழத்தில் புதையுங்கள். ஒரு எச்சரிக்கை: ஹெட் குறைந்ததும் பம்ப் முன்பைவிட அதிகம் இறைக்கும், மோட்டார் அதிக ஆம்ப்ஸ் இழுக்கலாம். முதல் நாள் எலக்ட்ரீஷியனை வைத்து ஆம்ப்ஸ் பார்த்து, தேவைப்பட்டால் டெலிவரி வால்வைக் கொஞ்சம் மூடி வையுங்கள்.

கேள்வி: மேடம், மேடு பள்ளம் இருந்தால் உராய்வு கூடும் என்று பாலிடெக்னிக்கில் படித்தோம். அப்படியென்றால் கோல்ஃப் பந்தில் ஏன் குழி குழியாக வைத்திருக்கிறார்கள்? வழுவழுப்பான பந்துதானே தூரம் போக வேண்டும்?
– மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல் மாணவி, காரைக்குடி

பதில்: மகளே, நீ படித்ததும் சரி, பந்தும் சரி. இங்கே இரண்டு வேறு இழுவைகள் இருக்கின்றன. குழாயில் தண்ணீர் சுவரை உரசிக்கொண்டே போகிறது. உரசல்தான் மொத்த இழப்பும். பந்தில் காற்று உரசுவதால் வரும் இழுவை சொற்பம். பெரிய இழுவை பின்னால் இருந்து வருகிறது. காற்று பந்தின் முன்பக்கம் வளைந்து ஏறி, பாதி வழியில் ஒட்ட முடியாமல் பிரிந்துவிடும். பிரிந்த இடத்துக்குப் பின்னால் அழுத்தம் குறைந்த அகலமான சுழல் பகுதி உண்டாகி, பந்தைப் பின்னுக்கு இழுக்கும்.

சுவரை ஒட்டிய காற்றுப் படலம் சீராக ஓடினால் அதற்குத் தெம்பு குறைவு, சீக்கிரம் பிரிந்துவிடும். முன் நுனியிலிருந்து சுமார் 80 பாகையில் பிரியும். அந்தப் படலமே கொந்தளிப்பாக இருந்தால், வெளியே வேகமாக ஓடும் காற்று உள்ளே கலந்து கலந்து தெம்பு கொடுக்கும். படலம் 120 பாகை வரை ஒட்டிக்கொண்டு போகும். பின்னால் உள்ள சுழல் பகுதி ஒடுங்கிவிடும், இழுவை பாதியாகக் குறையும். வழுவழுப்பான பந்திலும் இது நடக்கும், ஆனால் ரெனால்ட்ஸ் எண் 3 லட்சத்தைத் தொட வேண்டும். கோல்ஃப் பந்தின் அளவுக்கு அது மனிதர் அடிக்கும் வேகத்தில் எட்டாது. குழிகள் அந்த மாற்றத்தைக் குறைந்த வேகத்திலேயே வரவழைக்கின்றன. உரசல் கொஞ்சம் கூடுகிறது, பின்னிழுவை நிறையக் குறைகிறது, கூட்டிக் கழித்தால் லாபம்.

கோட்டிங்கனில் ஜெர்மானிய விஞ்ஞானி பிராண்டல் 1914-ல் இதை ஒரு கம்பியால் நிரூபித்தார். வழுவழுப்பான உருண்டையின் முன்பாதியில் மெல்லிய கம்பியை வளையமாக மாட்டினார். அவ்வளவுதான், இழுவை சரிந்தது. ஒரு பொருளோடு எதையோ கூடுதலாகச் சேர்த்து அதன் தடையைக் குறைத்த அந்தச் சோதனை எனக்கு இன்றைக்கும் வியப்பு. உங்கள் லேபில் சின்னக் காற்றுச் சுரங்கம் இருந்தால் ஆசிரியரிடம் கேட்டுச் செய்து பார், ஒரு மரப்பந்தும் கம்பியும் போதும். கிரிக்கெட் பந்து ஸ்விங் ஆவதும் இதே கதைதான். சாய்த்துப் பிடித்த தையல் ஒரு பக்கப் படலத்தை மட்டும் கொந்தளிக்க வைக்கும். அந்தப் பக்கம் காற்று தாமதமாகப் பிரியும், பந்து அந்தப் பக்கம் வளையும்.

விமானத்தில் கோல்ஃப் குழி வைக்கலாமா என்று அடுத்து கேட்பாய். உடல் ஒடுக்கமாக நீண்டிருப்பதால் அங்கே உரசல்தான் பெரிது, குழி உதவாது. ஆனால் சுறாத் தோலில் உள்ளதுபோல ஓட்டத்தின் திசையிலேயே ஓடும் மிக நுண்ணிய வரிகள் உதவுகின்றன. சுவரருகே சுழல்கள் பக்கவாட்டில் அலைவதை அவை அடக்கும். சுமார் 50 மைக்ரோமீட்டர் வரிகள் கொண்ட படலத்தை 2022 முதல் சுவிஸ் விமான நிறுவனத்தின் போயிங் 777-களில் ஒட்டியிருக்கிறார்கள். ஒரு சதவீத எரிபொருள் மிச்சமாகிறது. ஒரு சதவீதம்தானா என்று நினைக்காதே, அந்த விமானம் ஒரு பயணத்தில் குடிப்பது பல்லாயிரம் லிட்டர்.

கேள்வி: மண் வாய்க்காலைச் சிமெண்ட் வாய்க்கால் ஆக்கினால் கடைமடைக்குத் தண்ணீர் உண்மையிலேயே கூடுமா?
– ஒரு வாசகர், தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: கூடும். அயர்லாந்துப் பொறியாளர் மேனிங் பெயரில் உள்ள சொரசொரப்பு எண் மண் வாய்க்காலுக்குச் சுமார் 0.025, நல்ல சிமெண்டுக்கு 0.013. அதே சரிவு, அதே ஆழம் என்றால் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஓடும். கசிவு நிற்பது தனிக் கணக்கு. அந்தக் கசிவை நம்பியிருக்கும் கிணறுகளின் பாடும் தனிக் கணக்கு, அதைப் பார்க்காமல் முடிவெடுக்கக் கூடாது. ஆனால் மண் வாய்க்காலில் புல்லும் ஆகாயத்தாமரையும் அடர்ந்தால் அந்த எண் 0.1-க்குக்கூடப் போகும். சிமெண்டுக்குப் பணம் வரும்வரை காத்திருக்காமல் வருடா வருடம் தூர்வாரினாலே பாதித் தண்ணீர் மீண்டுவிடும்.

கேள்வி: விசைப்படகு வைத்திருக்கிறேன். அடியில் பாசியும் சிப்பியும் ஒட்டிவிட்டால் டீசல் கூடுதலாகக் குடிக்கிறது என்று எல்லோரும் சொல்கிறோம். எவ்வளவு கூடும்? எத்தனை நாளைக்கு ஒரு தரம் கரையேற்றிச் சுரண்ட வேண்டும்?
– ஒரு படகு உரிமையாளர், தூத்துக்குடி

பதில்: ஐயா, உங்கள் கேள்வி கடற்படைகளின் பழைய கவலை. பிரிட்டனின் ஹெச்.எம்.எஸ். அலார்ம் என்ற கப்பலுக்கு 1761-ல் அடியில் செப்புத் தகடு அடித்தார்கள். மரத்தைத் துளைக்கும் புழுவைத் தடுக்கத்தான் அடித்தார்கள், சிப்பியும் ஒட்டாமல் போனது கூடுதல் பலன். ஆங்கிலேயப் பொறியாளர் வில்லியம் ஃபிரவுட் 1870-களில் இங்கிலாந்தின் டார்க்கீயில் தொட்டி கட்டி, பலகைகளுக்கு வார்னிஷ், துணி, மணல் என்று விதவிதமாகப் பூசி இழுத்துப் பார்த்தார். மணல் பூசிய பலகையின் தடை வார்னிஷ் பலகையைப் போல இரண்டு மடங்கு அளவில் வந்தது.

அமெரிக்கக் கடற்படையின் போர்க்கப்பல் வகை ஒன்றுக்கு, 15 நாட் (மணிக்கு 15 கடல் மைல்) வேகத்தில், 2007-ல் போட்ட கணக்கு இருக்கிறது. கையில் வழுக்கும் பாசிப் படலம் கனமாகப் படிந்தாலே சக்தி 21 சதவீதம் கூடத் தேவை. சின்னச் சிப்பி ஒட்டினால் 35, கனமாகச் சிப்பி கட்டினால் 86 சதவீதம். உங்கள் படகு சிறியது, வேகம் வேறு, அதனால் இதே எண் அப்படியே வராது. ஆனால் பாசியைத் தொட்டால் மென்மையாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிடக் கூடாது என்பதற்கு அந்த 21 போதும். பாசி ஓட்டத்தில் அசைந்து அசைந்து சக்தியை உறிஞ்சும்.

எத்தனை நாள் என்று நான் ஒரு எண் சொல்வது சரியாக இருக்காது. உங்கள் படகையே அளந்துகொள்ளுங்கள். அடி சுத்தமாக, புதுப் பூச்சோடு இறக்கிய வாரம், அலை அடங்கிய நாளில், ஒரே ஆர்.பி.எம். வைத்து, ஜி.பி.எஸ்.ஸில் என்ன வேகம் காட்டுகிறது என்று போகும்போதும் வரும்போதும் எடுத்துச் சராசரி எழுதி வையுங்கள். மாதம் ஒரு முறை அதே ஆர்.பி.எம்.மில் பாருங்கள். வேகம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் கரையேற்றும் செலவை டீசலில் ஏற்கெனவே கொடுக்கத் தொடங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம். புரொப்பல்லரை மறக்க வேண்டாம். பரப்பு சிறிதாக இருந்தாலும் அதன் இலைகள்தான் தண்ணீரில் மிக வேகமாக ஓடுபவை, அங்கே ஒட்டும் சிப்பி அடியில் ஒட்டுவதைவிட அதிகம் பாதிக்கும். பூச்சு வாங்கும்போது பழைய டப்பா மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்காதீர்கள். ட்ரைபியூட்டைல் டின் கலந்த பூச்சு சிப்பியை நன்றாகவே விரட்டும், ஆனால் கடல் நத்தைகளைக் கெடுக்கிறது என்று கண்டு, 2008-ல் அமலுக்கு வந்த சர்வதேச ஒப்பந்தம் அதைத் தடை செய்துவிட்டது.

சுரண்டும்போது கூர்மையான இரும்புத் தகடு வேண்டாம். பிளாஸ்டிக் அல்லது மரத் தகடு வைத்து, படகு காய்வதற்குள், ஈரமாக இருக்கும்போதே எடுங்கள். காய்ந்தால் சிப்பியின் அடித்தட்டு கல்லாக ஒட்டிக்கொள்ளும், இரும்பு போட்டுத் தோண்டினால் பூச்சில் பள்ளம் விழும், அடுத்த சிப்பி நேராக அந்தப் பள்ளத்தில்தான் வந்து உட்காரும்.